சிதைவா, சிதைப்பா? நுண்ணுயிர் வளர்ச்சியும் ஒரு கலைச்சொல்லும்

முன்னுரை

திருத்தணி மலைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் ஊர். விடியற்காலையில் தெருவில் நடந்து செல்பவர் காதில் முதலில் விழுவது தறியோசை. அவ்வூரில் வாழ்ந்து தமிழ் கற்பிக்கும் ஒருவன் நுண்ணுயிர்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் என் பிழையிலிருந்தே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த மாணவியர் சிலருக்காக, உயிரியல் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவர் தம் பாடக் குறிப்புகளில் சில பக்கங்களைத் தமிழில் ஆக்கித் தருமாறு கேட்டார். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் தன்னுடைய புரதங்களைத் தானே துண்டாக்கி, அதன் வாயிலாகத் தன் வளர்ச்சியை எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பது அப்பக்கங்களின் பொருள். அச்செயலைக் குறிக்க நான் 'புரதச் சிதைவு' என்று எழுதிக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து நண்பர் ஒரு விடைத்தாளைக் காட்டினார். 'புரதங்கள் நாளடைவில் பழையனவாகிக் கெட்டுப்போகின்றன. இதனால் நுண்ணுயிரின் வளர்ச்சி மாறுகிறது' என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். விடை முற்றிலும் தவறு. ஆனால் தவறு மாணவியுடையதன்று. நான் கொடுத்த சொல்லிலிருந்து அவர் பெறக்கூடிய பொருளையே அவர் பெற்றிருந்தார்.

அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காக நான் படித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்வினையும் பிறவினையும்

இலக்கண வகுப்பில் நாம் தன்வினை, பிறவினை என்று இரண்டைப் படிக்கிறோம். 'மதில் அழிந்தது' என்பது தன்வினை. 'மதிலை அழித்தான்' என்பது பிறவினை. பிரிந்தது, பிரித்தது, சேர்ந்தது, சேர்த்தது, சிதைந்தது, சிதைத்தது என்பனவும் இவ்வாறே. ஒரே வினையடி மெல்லினம் பெற்றால் செயல் தானே நிகழ்ந்ததாகிறது. வல்லினம் பெற்றால் செய்தவன் ஒருவன் உண்டு என்பது புலப்படுகிறது. இவ்வினைகளிலிருந்து பிறக்கும் பெயர்களிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. அழிவு என்பதும் அழிப்பு என்பதும் ஒன்றல்ல. பிரிவு என்பதும் பிரிப்பு என்பதும் ஒன்றல்ல. சிதைவு என்றால் காலத்தாலோ பழுதாலோ ஒன்று தானே குலைந்துபோவது. சிதைப்பு என்றால் ஒருவர் ஒரு காலத்தில் ஒரு நோக்கத்தோடு குலைப்பது.

நுண்ணுயிருக்குள் நிகழ்வது எது? இவ்வினாவிற்கு விடை காண ஒரு செய்தியை நோக்குவோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டு, பின்னர் தனக்குரிய வடிவில் மடிந்த ஒரு பொருள். அம்மாலையை அறுப்பதற்கு ஆற்றல் செலவிட வேண்டிய தேவை வேதியியல் முறைப்படி இல்லை. அறுபடும்போது ஆற்றல் வெளிப்படவே செய்யும். அவ்வாறிருந்தும், நுண்ணுயிரின் உள்ளே இருக்கும் முதன்மையான சிதைப்பு நொதிகள் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தைச் செலவழித்தே புரதத்தைத் துண்டாக்குகின்றன. செலவு தேவைப்படாத இடத்தில் ஓர் உயிர் ஏன் செலவு செய்கிறது? எந்தப் புரதத்தைச் சிதைப்பது, எதனை விட்டுவைப்பது என்று தேர்ந்தெடுப்பதற்காகவும், மடிந்திருப்பதைப் பிரித்து உள்ளே இழுப்பதற்காகவுமே அச்செலவு நிகழ்கிறது.

இந்நொதிகளுள் ஒன்று கிளிப்-எக்ஸ்-பி எனப்படும். அதன் ஒரு பகுதி ஆறு உறுப்புகள் கூடிய வளையம். அது புரதத்தைப் பற்றி, மடிப்பைப் பிரித்து, நூலைப் போல உள்ளே செலுத்துகிறது. மற்றொரு பகுதி, ஏழு ஏழு உறுப்புகள் கொண்ட இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பீப்பாய். அறுக்கும் முனைகள் யாவும் அப்பீப்பாயின் உட்புறத்தில் மறைந்துள்ளன. வழியே போகும் புரதம் தற்செயலாக அவற்றின்மீது பட்டு அறுபட இயலாது. வாயில் வழியாகச் செலுத்தப்பட்டது மட்டுமே அறுபடும். மேலும், நுண்ணுயிரின் புரதங்களிற் பெரும்பாலானவை அவ்வுயிரின் ஒரு தலைமுறைக் காலத்தைக் கடந்தும் நிலைத்திருக்கின்றன. குறிப்பிட்ட சிலவே விரைந்து நீக்கப்படுகின்றன. ஆகவே இது தானே நிகழும் கேடன்று. தேர்ந்து செய்யும் வினை. இலக்கண நெறிப்படி இது பிறவினைக்கே உரியது.

நெய்து இறக்கிய துணி வளருமா?

இவ்வினையால் ஓர் உயிரின் வளர்ச்சி எவ்வாறு நெறிப்படுகிறது என்பதை விளக்க, நம் அண்டை நகரமாகிய ஐதராபாத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வே போதுமானது. அதனைக் கூறுவதற்கு முன் அவ்வாய்வுக்குரிய உயிரை அறிமுகம் செய்ய வேண்டும்.

எஷ்சரிச்சியா கோலை என்பது நம் குடலில் வாழும் நுண்ணுயிர். ஏறத்தாழ ஐந்நூறு கோலைகளை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் ஆகும். நல்ல உணவும் வெப்பமும் வாய்த்தால் 20 நிமிடங்களில் அது இரண்டாகிவிடும். அதன் உட்புறத்து அழுத்தம் மிகுதி. தடுப்பு ஒன்று இல்லாவிடில் நீரை ஏற்று உப்பி வெடித்துவிடும். அவ்வாறு வெடியாமல் காப்பது அதனைச் சுற்றியுள்ள வலை போன்றதொரு மேலாடை. பெப்டிடோகிளைக்கான் என்பது அதன் பெயர். சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன நீண்ட இழைகள் உடலைச் சுற்றி ஓடுகின்றன. அடுத்தடுத்த இழைகளை அமினோ அமிலங்களால் ஆன சிறு பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டுகின்றன. ஊடும் பாவும் போல இவ்விரண்டும் சேர்ந்து உயிர் முழுவதையும் மூடிய, தையல் விடாத ஒரே பையாக அமைகின்றன.

இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. உடல் வளரும்போது ஆடையும் வளர வேண்டும். முழுதும் பிணைக்கப்பட்ட ஆடை எவ்வாறு வளரும்? இதனை எங்கள் தெருவில் வாழும் முதிய நெசவாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நெய்து இறக்கின துணி வளருமா பாய்? அறுத்து நடுவுல ஒட்டுப் போட்டால்தான் உண்டு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. பழைய பிணைப்பை அறுத்தால்தான் புதிய இழைக்கு இடமுண்டு. ஆனால் நுண்ணுயிருக்கு மேலும் ஒரு கடினம் உண்டு. தறியில் உள்ள துணியை அறுத்துத் தைக்கும்போது யாரும் அதை உடுத்தியிருப்பதில்லை. நுண்ணுயிரோ உடுத்திய ஆடையை உடுத்தியவாறே அறுத்துப் பெரிதாக்க வேண்டும். ஓர் இடத்தில் அறுப்பு மிகுந்தால் உயிர் வெடித்துச் சாகும்.

ஐதராபாத் ஆய்வு

ஐதராபாத்தில் 1977ஆம் ஆண்டு புஷ்ப மித்ர பார்கவா அவர்களைத் தலைமையாகக் கொண்டு உருவான நிறுவனம் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். அம்மையத்தின் அறிவியலாளர் மஞ்சுளா ரெட்டி அவர்களும் அவருடன் பணிபுரிந்தோரும் மேற்கூறிய இடர்ப்பாட்டையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர்.

2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பிணைப்பை அறுக்கும் கத்தரிக்கோல்களாகிய மூன்று நொதிகளை இனங்காட்டியது. அவை மெப்-எஸ், மெப்-எம், மெப்-எச் எனப்படுகின்றன. மூன்றில் ஒன்று இல்லாவிடில் மற்றவை ஈடுசெய்கின்றன. மூன்றையும் நீக்கிவிட்டால் புதிய இழைகள் மேலாடையிற் சேரவில்லை. நுண்ணுயிர் உயிர்வாழவும் இல்லை. அறுக்கும் தொழில் கட்டும் தொழிலுக்கு இன்றியமையாத முதற்படி என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்து எழுந்த வினா முன்னதைவிட ஆழமானது. கத்தரிக்கோல் இன்றியமையாததாயினும் ஆபத்தானதும் ஆகும். அதனைக் கட்டுப்படுத்துவது யார்? இதற்கு அக்குழுவினர் 2015இல் விடை தந்தனர். மெப்-எஸ் என்னும் கத்தரிக்கோல் நுண்ணுயிரில் நெடுநேரம் நிலைப்பதில்லை. பிஆர்சி என்னும் மற்றொரு நொதி அதனை விரைந்து சிதைத்துவிடுகிறது. அச்சிதைப்புக்கு என்எல்பி-ஐ என்னும் துணைப் புரதம் ஒன்று தேவை. மேலாடை இருக்கும் வெளிப்புற அறையில் ஏ.டி.பி. கிடையாது. ஆகவே உள்ளே இருக்கும் கிளிப் நொதியைப் போல ஆற்றலைச் செலவிட்டு இரையைத் தேர்ந்தெடுக்கும் வசதி பிஆர்சிக்கு இல்லை. அக்குறையை இத்துணைப் புரதம் நிறைவு செய்கிறது. கத்தரிக்கோலைப் பிடித்து, சிதைக்கும் நொதியின் கையில் ஒப்படைப்பது அதன் பணி. தைவான் நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் இவ்விரு புரதங்களும் இணைந்து நிற்கும் வடிவத்தைக் கண்டறிந்து இக்கருத்திற்கு வலுச் சேர்த்தனர்.

ஆகவே இங்கே மூன்று அடுக்குகள் இருத்தலைக் காணலாம். மேலாடையைக் கட்டும் நொதிகள் உள்ளன. கட்டுவதற்கு இடம் உண்டாக்க, அறுக்கும் நொதி உள்ளது. அறுப்பு அளவு கடவாதிருக்க, அறுப்பதையே சிதைக்கும் நொதியும் உள்ளது. மூன்றும் பொருந்தி நடக்கும்போது கோலை தனக்குரிய கோல் வடிவத்தோடு வளர்கிறது. மூன்றாவது நீங்கினால் என்னவாகும்? பிஆர்சி இல்லாத கோலைகள் உப்புக் குறைந்த ஊடகத்தில் உயர்ந்த வெப்பநிலையில் வளர இயலாமல் துன்புறுகின்றன. அவற்றிலிருந்து மெப்-எஸ் என்னும் கத்தரிக்கோலையும் நீக்கிவிட்டால் அத்துன்பம் தீர்கிறது.

இதில் ஒரு சுவையான வரலாறும் உண்டு. பிஆர்சி குறைபாட்டினால் வரும் துன்பம் வேறொரு மரபணுவின் மாற்றத்தால் அடங்குகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டனர். 'பிஆர்சி குறையை அடக்குவது' என்னும் பொருளில் அம்மரபணுவுக்கு எஸ்பிஆர் என்று பெயரும் இட்டனர். ஆயினும் அது ஏன் அடக்குகிறது என்பது அப்போது விளங்கவில்லை. அந்த எஸ்பிஆர்தான் இன்று மெப்-எஸ் என வழங்கப்படுகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெயருக்குள்ளேயே உறங்கிக்கிடந்த விடையை ஐதராபாத் ஆய்வு எழுப்பியது எனலாம். நுண்ணுயிர் மேலாடை பற்றிய இப்பணிகளுக்காக மஞ்சுளா ரெட்டி அவர்கள் 2019ஆம் ஆண்டுக்குரிய இன்போசிஸ் பரிசினை உயிர் அறிவியல் பிரிவில் பெற்றார்.

காலம் அறிந்து அகற்றல்

கோலையின் கதை அளவு பற்றியது. சிதைப்பினால் காலத்தையும் வரையறுக்க முடியும் என்பதற்குக் காலோபாக்டர் என்னும் நன்னீர் நுண்ணுயிர் சான்றாகிறது.

காலோபாக்டர் பிரியும்போது ஒன்றுபோல் இரண்டாவதில்லை. ஒரு பிள்ளை காம்பு ஒன்றினால் பாறையிலோ சருகிலோ ஒட்டிக்கொண்டு நிற்கும்; மற்றொன்று நீந்தும் வாலோடு வெளியே செல்லும். ஒட்டி நிற்பது உடனே தன் மரபுப் பொருளைப் படியெடுத்து அடுத்த பிரிவுக்கு ஆயத்தமாகும். நீந்துவதோ தகுந்த இடம் கிடைக்கும்வரை படியெடுப்பதில்லை. அதனைத் தடுத்து நிறுத்துவது சிடிஆர்-ஏ என்னும் புரதம். மரபுப் பொருளில் படியெடுப்புத் தொடங்கும் இடத்தின்மீதே அது அமர்ந்துகொள்கிறது. நீந்தும் பருவம் முடிந்து காம்பு தோன்றும் வேளையில், முன்னர்க் கூறிய கிளிப்-எக்ஸ்-பி நொதி சிடிஆர்-ஏயைச் சிதைத்து அகற்றுகிறது. காவல் நீங்கியதும் படியெடுப்புத் தொடங்குகிறது. அமெரிக்காவில் லூசி ஷபிரோ அவர்களின் குழுவினர் 1997இல் இதனை விளக்கினர். சிதைக்கவோ அடக்கவோ இயலாதபடி அப்புரதத்தை மாற்றியமைத்தபோது நுண்ணுயிர் அடுத்த பருவத்திற்குச் செல்லாமல் நின்றுவிட்டது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். சிடிஆர்-ஏ தீய புரதமன்று; பழுதுபட்டதும் அன்று. நீந்தும் பருவத்தில் அதன் பணி மிகச் சிறந்தது. அப்பருவம் முடிந்தபின் அது இருந்தால் வளர்ச்சி இல்லை. அதற்காகவே அது நீக்கப்படுகிறது. புதிய புரதத்தை ஆக்குவதை நிறுத்தினால் மட்டும் போதாதா எனின், போதாது. ஆக்குவதை நிறுத்தினாலும் முன்பு ஆக்கப்பட்டது தங்கியிருக்கும். விளக்கில் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தினால் விளக்கு உடனே அணைவதில்லை. குறித்த நொடியில் அணைய வேண்டுமானால் ஒருவர் அணைக்கத்தான் வேண்டும்.

அறுத்து எழுப்புதல்

சிதைப்பின் மற்றொரு முகத்தைப் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிரிடம் காணலாம். உணவு அற்றுப்போனால் அது தன்னுள்ளேயே வித்து ஒன்றை உருவாக்குகிறது. கொதிக்கும் நீரையும் தாங்கக்கூடியது அவ்வித்து. மருத்துவமனைக் கருவிகளை 121 பாகை வெப்பத்தில் அழுத்த நீராவியில் வைத்துத் தூய்மை செய்வதற்கு இத்தகைய வித்துகளே காரணம்.

வித்தைச் சூழ்ந்திருக்கும் தாயறை அதற்கு உறை ஆக்கித் தர வேண்டும். அவ்வுறைக்குரிய மரபணுக்களை இயக்குவது சிக்மா-கே என்னும் புரதம். அது முதலில் செயலற்ற வடிவிலேயே ஆக்கப்படுகிறது. அதன் முற்பகுதியில் 20 அமினோ அமிலங்கள் பூட்டுப்போல் அமைந்துள்ளன. உள்ளே இருக்கும் வித்து 'நான் ஆயத்தம்' என்று குறிப்புத் தந்த பின்னரே, சவ்வில் பதிந்துள்ள நொதி ஒன்று அந்த 20ஐ அறுத்து நீக்குகிறது. உடனே சிக்மா-கே எழுந்து பணியாற்றுகிறது. இங்கே அறுப்பு ஒரு புரதத்தை ஒழிக்கவில்லை, அதனை எழுப்புகிறது. 'சிதைவு' என்னும் சொல்லால் இச்செயலைச் சிறிதும் சுட்ட இயலாது என்பது வெளிப்படை.

நமக்கு இதனால் ஆவதென்ன?

கண்ணுக்குத் தெரியாத உயிரின் வீட்டுக்கணக்கு நமக்கு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவலாம். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே அதற்கு விடை இருக்கிறது.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பென்சிலின், நுண்ணுயிரின் மேலாடையில் பிணைப்புப் போடும் நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. கட்டுவோர் நின்றுவிட, அறுக்கும் நொதிகள் மட்டும் தொழிலைத் தொடர்ந்தால் ஆடை கிழிந்து உயிர் வெடிக்கிறது. கட்டுதலுக்கும் அறுத்தலுக்கும் உள்ள சமநிலையைக் குலைத்தே அம்மருந்து நம்மைக் காத்து வந்துள்ளது. அதற்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், அச்சமநிலையைக் காக்கும் புரதங்கள் எவை என்று அறிவது புதிய மருந்துக்குரிய புதிய இலக்கை அறிவதாகும். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை உண்ணாமல் இடையில் நிறுத்துவதும், கடையில் கேட்டு வாங்கித் தாமே விழுங்குவதும் தவறு என்பதையும் இங்கே நினைவூட்டுதல் ஆசிரியக் கடமை.

காசநோயை எடுத்துக்கொள்வோம். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். தமிழகத்திற்கும் இந்நோயின் ஆராய்ச்சிக்கும் நெடுநாள் உறவு உண்டு. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் மருத்துவ விடுதியில் வைத்துக் கொடுப்பதைப் போன்றே பயன்தரும் என்று 1959இல் காட்டியது. உலகெங்கும் சிகிச்சை முறை அதனால் மாறியது. அக்கிருமி நம் உடலின் எதிர்ப்பைத் தாங்கி உயிர்வாழ உதவும் புரதங்களுள் ஒன்று சிக்மா-ஈ. இயல்பான நிலையில் அதனை ஆர்எஸ்இ-ஏ என்னும் புரதம் பிடித்துவைத்திருக்கிறது. மேலாடைக்குத் தாக்குதல் வந்தால், பிடித்துவைத்திருக்கும் புரதத்தின்மீது பாஸ்பேட் என்னும் அடையாளம் இடப்படுகிறது. அடையாளம் பெற்றதைக் கிளிப் நொதி சிதைக்கிறது. சிக்மா-ஈ விடுதலை பெற்றுக் கிருமியைக் காக்கிறது. கொல்கத்தா போஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2010இல் இதனை வெளிப்படுத்தினர்.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. காசநோயாளர் முதல் இரண்டு மாதங்கள் உண்ணும் மருந்துகளுள் ஒன்று பைரசினமைடு. பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அம்மருந்து கிருமிக்குள் மாற்றம் பெற்று, பான்-டி என்னும் இன்றியமையாத புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்றும், அவ்வாறு ஒட்டப்பட்டதைக் கிருமியின் சொந்தக் கிளிப் நொதியே சிதைத்துவிடுகிறது என்றும் 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கிருமியின் கத்தியைக் கொண்டே கிருமிக்குத் தேவையானதை அறுக்கச் செய்யும் மருந்து அது. இதனை அறிந்தோர் இதே வழியில் வேறு மருந்துகளை ஆக்க முயல்வது இயல்பே.

சொல்லுக்குத் திரும்புவோம்

இனி, தொடங்கிய இடத்திற்கு வருகிறேன். கலைச்சொல் ஆக்கத்தில் நாம் பெரும்பாலும் இரண்டையே பார்க்கிறோம். சொல் தூய தமிழா என்று பார்க்கிறோம். சுருக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். வினை யாருடையது என்று பார்ப்பதில்லை. 'புரதச் சிதைவு' தமிழ்தான், சுருக்கமும் உடையது. ஆனால் செய்பவனை மறைத்துவிட்டது. செய்பவன் மறைந்ததும் தேர்வும் மறைந்தது, காலமும் மறைந்தது, அளவும் மறைந்தது. எஞ்சியது கெட்டுப்போதல் மட்டுமே. மாணவி அதனையே எழுதினார்.

ஆகவே என் மொழிபெயர்ப்பில் மூன்று சொற்களை வேறுபடுத்தி அமைத்துக்கொண்டேன். பழுதுற்ற புரதம் தானே குலைவது 'புரதச் சிதைவு'. நொதி ஒன்று தேர்ந்தெடுத்து முழுவதும் துண்டாக்குவது 'புரதச் சிதைப்பு'. ஒரு பகுதியை மட்டும் அறுத்துப் புரதத்தைச் செயலுக்குக் கொண்டுவருவது 'புரத வெட்டு'. காலமும் அளவும் வரையறுத்துச் செய்யப்படும்போது 'நெறிப்படுத்திய புரதச் சிதைப்பு' என்று கூறலாம். இவையே முடிந்த முடிபு என்று கூறவில்லை. துறை வல்லுநர் இவற்றினும் பொருத்தமானவற்றைத் தருவாராயின் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கி, அறிவியல், மருத்துவக் கலைச்சொல் அகராதிகளை உருவாக்கி, 2017இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்களை இவ்வேளையில் நினைத்துக்கொள்கிறேன். எத்துறைச் செய்தியையும் தமிழில் சொல்ல முடியும் என்பதை அவர் மேடையில் முழங்கியதோடு நில்லாமல், சொல் சொல்லாகத் தேடிச் செய்துகாட்டினார். அவருடைய வழியில் நாம் செல்ல வேண்டுமானால், தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் ஒரே மேசையில் அமர வேண்டும். அறிவியல் ஆசிரியருக்குச் செயல் தெரியும். தமிழாசிரியருக்குத் தன்வினை பிறவினை தெரியும். ஒருவரை ஒருவர் கேளாமல் எழுதினால் இழப்பு மாணவருக்கே.

முடிவுரை

கோலை தன் மேலாடையை அறுக்காமல் வளர முடியாது; அளவின்றி அறுத்தாலும் வாழ முடியாது. காலோபாக்டர் தன் காவற் புரதத்தை வைத்திருக்க வேண்டிய பருவமும் உண்டு, விடவேண்டிய பருவமும் உண்டு. பாசில்லஸ் பூட்டை அறுத்த பிறகே வித்துக்கு உறை தருகிறது. ஆக்குதல் ஒரு கையும், காலமும் அளவும் அறிந்து நீக்குதல் மறு கையுமாக நுண்ணுயிர் தன்னை நடத்திக்கொள்கிறது என்பது இம்மூன்றாலும் பெறப்படும். திருமறையின் 55ஆம் அத்தியாயம் துலாக்கோலையும் அதில் வரம்பு மீறாமையையும் பற்றிப் பேசுவதை நாம் அறிவோம். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு உடைய உயிரினுள்ளும் அத்துலாக்கோல் அசையாது நிற்பதைக் காணும்போது உள்ளம் பணிகிறது.

நண்பரின் குறிப்புகளைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவர் வகுப்பில் மீண்டும் அதே வினாவைக் கேட்டார். முன்பு தவறாக எழுதிய மாணவி இம்முறை, 'மெப்-எஸ் நொதியைப் பிஆர்சி சிதைக்கிறது. சிதைக்காவிடில் மேலாடையின் பிணைப்புகள் அளவுக்கு மேல் அறுபடும்' என்று எழுதியிருந்தார். எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, பிறவினை இருந்தது. உயிரியல் ஆசிரியர் அவ்விடைக்கு முழு மதிப்பெண் அளித்தார். இலக்கண ஆசிரியனாகிய நானும் அளித்திருப்பேன்.